ஆர்.வி.ஜி. சாஃப்ட்வேர்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு தெரிவது

பல்லின் எக்ஸ்ரேயை சென்சார் வழியாக நேராகக் கம்ப்யூட்டர் திரையில் காட்டுவதுதான் ஆர்.வி.ஜி. டெமோவில் அதன் சாஃப்ட்வேர் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். எம்பாஸ், கலரைஸ் என்று பட்டன்கள் வரிசை கட்டி நிற்கும். தினமும் வேலை செய்யும் கிளினிக்கில் அவற்றை யாரும் தொடுவதில்லை. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், ஜூம், அளவெடுக்கும் கோடு, அப்புறம் ஷார்ப்பன், இவ்வளவுதான் ஓடும்.

அதில் ஷார்ப்பனிடம் ஜாக்கிரதை. அடர்த்தி சட்டென்று மாறும் விளிம்பை அது மிகைப்படுத்திக் காட்டும். அதனால் அமால்கம் (வெள்ளி நிற உலோக அடைப்பு), மெட்டல் கிரவுன் ஓரத்தை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு விழும். பார்த்தால் அடைப்புக்கு அடியில் மறுபடி சொத்தை வந்த மாதிரியே இருக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டு அசல் படத்தைப் பாருங்கள். கோடு காணாமல் போனால் அதை நம்பி அடைப்பைப் பிரிக்கக் கூடாது. ஃபில்டரோடு சேமித்தாலும் அசலை அழிக்காத சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வேர் சிகிச்சையில் திரை காட்டும் மில்லிமீட்டரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லுக்கும் சென்சாருக்கும் இடைவெளி இருப்பதால் நிழல் கொஞ்சம் பெரிதாக விழும். கோணம் தப்பினால் நீளும், குறுகும். வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைலில், ஆழத்தைக் குறிக்கும் ஸ்டாப்பரை 20 மி.மீ.யில் வைத்து, அதை உள்ளே விட்டுப் படம் எடுங்கள். திரையில் அது 21.5 என்று வந்தால், கேலிபிரேட் பட்டனை அழுத்தி அந்தக் கோட்டுக்கு 20 என்று கொடுங்கள். முன்பு 22.6 காட்டிய கால்வாய் இப்போது 21 காட்டும். இந்தத் திருத்தம் அந்த ஒரு படத்துக்கு மட்டுமே. வளைந்த வேரில் நேர்க்கோடு போடாமல் பல புள்ளி வைத்து அளந்து, வேர் நுனியைக் கண்டறியும் கருவியான அபெக்ஸ் லொகேட்டரோடு ஒத்துப்பாருங்கள்.

காலையில் வேலை செய்த சென்சார், சற்று நேரம் சும்மா இருந்தபின் கிடைக்கவில்லை என்று வருகிறதா? பெரும்பாலும் சென்சார் பழுதாகியிருக்காது. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த போர்ட்டை அணைத்திருக்கும். பவர் ஆப்ஷனில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் செய்யுங்கள். சி.பி.யு.வின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். நீள எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். படத்தில் செங்குத்துக் கோடுகளோ திட்டுகளோ வந்தால் சென்சாரின் குறைகளைப் படத்தில் சரிசெய்ய கம்ப்யூட்டரில் இருக்கும் கேலிபிரேஷன் ஃபைலைப் பாருங்கள். பல மாடல்களில் அது அந்தந்த சென்சாரின் சீரியல் நம்பருக்கே உரியது, இன்னொன்றின் ஃபைல் பொருந்தாது. சென்சார் வாங்கிய அன்றே அதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

அதிக நஷ்டம் வருவது பேக்கப்பில்தான். படங்கள் ஒரு ஃபோல்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும். யாருடையது, எந்தப் பல், எந்தத் தேதி என்பதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் போட்டு வைத்தவர்களுக்கு, ஹார்ட் டிஸ்க் போன நாளில் பெயரில்லாத ஆயிரக்கணக்கான பற்கள்தான் மிஞ்சும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைலைச் சாதாரணமாகக் காப்பி செய்வதும் நம்பகமில்லை. சாஃப்ட்வேரின் சொந்த பேக்கப் வசதியையே பயன்படுத்துங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, பழைய நோயாளி ஒருவரின் படம் திறக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் விற்பனையாளரை உட்கார வைத்து, எல்லா நோயாளிகளின் படங்களையும் மொத்தமாக டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம்) வடிவில் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக ஜேபெக்காக மட்டுமே எடுக்க முடியும் என்றால் யோசியுங்கள். சாதாரண ஜேபெக்கில் சாம்பல் நிறப் படிகள் 256 ஆகச் சுருங்கிவிடும், நோயாளியின் விவரமும் கூடவே வராது.