சுருள்வில் தராசு ஜோடி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிப்பவர்களிடமே கேட்டுப் பாருங்கள்: இரண்டு பேர் ஆளுக்கு 4 நியூட்டன் விசையில் எதிரெதிராக இழுத்தால் நடுவில் உள்ள தராசு எவ்வளவு காட்டும்? பலர் 8 என்பார்கள். விடை 4. இதைக் கண்முன்னே காட்ட, ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் வரும் சுருள்வில் தராசு இரண்டு போதும்.

ஆனால் ஒரே அளவில் இரண்டு வாங்காதீர்கள். 5 நியூட்டன் ஒன்று, 10 நியூட்டன் ஒன்று என வாங்குங்கள். கொக்கியோடு கொக்கி மாட்டி 4 நியூட்டன் வரும்வரை இழுத்தால், முதல் தராசின் முள் அளவுகோலில் ஐந்தில் நான்கு பங்கு ஓடியிருக்கும். இரண்டாவதில் பாதிகூட ஓடியிருக்காது. இரண்டுமே 4 தான் காட்டும். வலுவான வில் கூடுதலாக இழுக்கும் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும். ஒருபக்கத் தராசின் வளையத்தைச் சுவர் ஆணியில் மாட்டினாலும் அதே அளவுதான். ஆணியும் இழுக்கிறது!

பெரும்பாலும் தப்பு நடப்பது சுழியில், அதாவது பூஜ்யக் குறியில். இந்தத் தராசுகள் தொங்கவிட்ட நிலையில் சுழி காட்டும்படி அமைக்கப்பட்டவை. கிடைமட்டமாக வைத்தால் வில்லையும் கொக்கியையும் அவற்றின் எடை கீழே இழுக்காது. முள் சுழியைத் தாண்டித் தலைப்பக்கமாகச் சற்று நகர்ந்து, அளவு குறைவாகக் காட்டும். அதனால் மேசைமேல் வைத்தபடியே தலைப்பக்கத் திருகைத் திருப்பிச் சுழியைச் சரிசெய்யுங்கள். திருகு இல்லாத தராசு இந்த வேலைக்கு உதவாது. சாய்த்து இழுத்தாலும் தண்டு குழாயில் உரசி முள் சிக்கும். விரலால் மெல்லத் தட்டிவிட்டுப் படியுங்கள்.

ஒன்றின் கீழ் ஒன்றாகக் கொக்கியில் வளையத்தை மாட்டித் தொங்கவிட்டால் மேல் தராசு கூடுதலாகக் காட்டும். விதி பொய்க்கவில்லை, கீழ்த் தராசின் எடையையும் மேலது தாங்குகிறது.

இதே தராசால் இன்னொரு அருமையான சோதனையும் செய்யலாம். மின்னணுத் தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, 5 நியூட்டன் தராசில் நூலால் தொங்கும் கல்லை மெல்ல அதில் இறக்குங்கள். கல்லின் கனஅளவு 100 கன செ.மீ. என்றால், முழுதும் மூழ்கியதும் சுருள்வில் தராசில் சுமார் 1 நியூட்டன் குறையும். மின்னணுத் தராசில் சுமார் 100 கிராம் கூடும். தண்ணீர் கல்லை மேலே தள்ள, கல் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. கல் அடியைத் தொட்டால் கணக்கு கெட்டுவிடும்.

அளவுக்கு மீறி இழுத்த வில் நீண்டே நின்றுவிடும். பிறகு எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சிறு வண்டிகளை மோதவிடும் சோதனையையும் இதில் முயல வேண்டாம். நொடியில் சிறு பங்கே நீடிக்கும் விசையை முள்ளால் பின்தொடர முடியாது. அதற்குக் கணினியோடு இணையும் விசை உணரி இரண்டு தேவை.