உழைத்து ஓய்ந்த யானைக்கு எந்த இடம் நல்லது?

மரம் இழுத்தும் சர்க்கஸில் வித்தை காட்டியும் உடல் தேய்ந்த யானையைக் கடைசிவரை எங்கே வைத்துக் காப்பது? முதுமலை தெப்பக்காடு போன்ற வனத்துறை முகாம் ஒரு வழி. தாய்லாந்தில் சியாங் மாய் பக்கம் இருக்கும் எலிஃபன்ட் நேச்சர் பார்க் போல, பார்க்க வருபவர்களின் பணத்தில் நடக்கும் காப்பகம் இன்னொன்று. மூன்றாவது, அமெரிக்காவின் டென்னசியில் 1995இல் தொடங்கிய சரணாலயம்; அங்கே பொதுமக்களுக்கு அனுமதியே கிடையாது.

ஏக்கர் கணக்கை வைத்து இவற்றை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. யானைக்குத் துணை யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டென்னசிக்கு 1999இல் வந்த ஷெர்லியும், அங்கே ஏற்கெனவே இருந்த ஜென்னியும் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே சர்க்கஸில் இருந்தவை. அடையாளம் தெரிந்ததும் ஒன்றையொன்று தொடத் தவித்து, இடையிலிருந்த கம்பிகளையே வளைத்துவிட்டன. சியாங் மாயில் பார்வையிழந்த ஜோக்கியாவுக்கு மே பெர்ம் என்ற முதிய பெண் யானை வழித்துணையாக இருந்தது. துணை விஷயத்தில் இந்த இரண்டு இடங்களுமே தேறிவிட்டன.

பணம் என்று வந்தால் சியாங் மாய் வழியில் எனக்குக் கவலை உண்டு. 1989இல் தாய்லாந்து மரம் வெட்டுவதைத் தடை செய்ததும் வேலையிழந்த யானைகள் சுற்றுலாவை நம்பின. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அந்த வருமானமும் நின்றது. யானையும் பாகனுமாகப் பலர் ஊருக்கே நடந்தார்கள். ஆள் வராத வருடத்திலும் யானைக்குத் தீனி வேண்டுமே. ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும் உயிர் அது.

தெப்பக்காட்டின் பலம் பாகனும், அவருக்கு உதவியாளரான காவடியும்தான். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் முளைக்கும். கடைசிப் பல்லும் தேய்ந்துவிட்டால் தழையை மெல்ல முடியாது, சாணத்தில் நார் அரைபடாமல் நீளநீளமாக வரும். தினமும் கூடவே இருக்கும் பாகன் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். அப்புறம் ராகிக் களி, நறுக்கிய பசுந்தீவனம் என்று மாற்றிக் கொடுக்கலாம். டென்னசியிலும் நல்ல கவனிப்புதான். ஆனால் பராமரிப்பாளர் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பாதத்துக்கு மருந்து போடுகிறார். மனிதர்களால் அடிபட்டு மிரண்ட சர்க்கஸ் யானைக்கு அந்த இடைவெளி நிம்மதி. பாகனின் குரலைக் கேட்டே வளர்ந்த யானைக்கு அது புதுத் தனிமை.

அதனால் சர்க்கஸ் யானை என்றால் டென்னசி வழி, காட்டு முகாமில் வளர்ந்த யானை என்றால் தெப்பக்காடு வழி என்பேன். ஆனால் முகாம் இப்படியே இருந்தால் போதாது. இரவு மேய்ச்சலுக்குக் காட்டில் விடும்போது காலில் இழுபடும் சங்கிலி, வயதான யானைக்காவது வேண்டாம். தீனி நேரத்தில் சுற்றுலாக் கூட்டத்தை எதிரே நிறுத்துவதையும் விட்டுவிடலாம்.