மான்செலா, சென்னாவா, மெக்ரேவா?

எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் முப்பது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஃபார்முலா ஒன் கார் பந்தய சாம்பியன்கள் பெயரில் வந்த இரண்டு டிவி கேம்களில், மான்செல் கேம் ஒசத்தியா, சென்னா கேம் ஒசத்தியா என்பதுதான் அது. நாங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருந்தோம். எங்கள் வீட்டில் சூப்பர் நின்டெண்டோ கேம் பெட்டி, அதில் நைஜல் மான்செல். அவர்கள் பீனிக்ஸில், அங்கே சேகா மெகா டிரைவ், அதில் அயர்டன் சென்னா. ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே, மற்றது வடக்கே. இரண்டு பெட்டியையும் ஒரே டிவியில் மாட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புரட்டாசி சனிக்கிழமை, தீபாவளி, காவடி என்று கூடும்போதெல்லாம் வாயாலேயே ரேஸ் ஓட்டினோம். ஆயாதான், "எந்நேரமும் சன்னா சன்னான்னு கத்துறீங்களே, பசிக்குதா?" என்று கேட்பார்.

போன புரட்டாசியில் ஒருவழியாக அந்தக் காரியத்தைச் செய்தோம். அவன் மெகா டிரைவைப் பழைய டவலில் சுற்றிக் கொண்டுவந்தான். கூடவே வந்த அவன் மகள், "பெரியப்பா, கார் கேம்னா இதுதான்" என்று ஒரு பிளேஸ்டேஷன் டிஸ்க்கை மேசையில் வைத்தாள். அவளுடைய தாய்மாமன் கொடுத்ததாம். காலின் மெக்ரே ராலி. இரண்டு பேர் வழக்கில் மூன்றாவது கட்சியும் சேர்ந்துகொண்டது.

டிவி என்னுடையது, முதுகு பெருத்த பழைய டிவி. ஏரியல் ஒயரைச் செருகிச் சேனல் தேடியதிலேயே கால் மணி நேரம் போயிற்று. படம் வந்தது, உருண்டது, வண்ணம் போனது, பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியதும் நின்றது. புது டிவியில் மாட்டலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கேம்களில் பட்டனை அழுத்துவதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் நூலிழை இடைவெளிதான் உண்டு. பல புது டிவிகள் படத்தைச் சீர்படுத்துகிறேன் என்று அந்த இடைவெளியை இழுத்துவிடும். நீங்கள் திரும்பும்போது வளைவு போயிருக்கும்.

சரி, கேம்களுக்கு வருவோம். பெட்டியின் மேல் சாம்பியன் முகத்தைப் போடுவது சுலபம். ஒரு போட்டோ, ஒரு கையெழுத்து, கொஞ்சம் பணம் கைமாறினால் போதும். உள்ளே போனால் அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பேன், அதுதான் என் அளவுகோல். மான்செல் கேமில் நீங்களே மான்செல். சென்னா கேமில் அவர் உங்களுக்கு எதிரே நிற்கிறார். மெக்ரே கேமில் அவர் வாத்தியார். பாதி அலசல் இதிலேயே முடிந்துவிடுகிறது.

மான்செலுக்கு நான் கொஞ்சம் சாய்வேன், முன்பே சொல்லிவிடுகிறேன். காரணம் கயலாமி, நம் நாட்டுப் பந்தயத் தடம். இங்கிலாந்தின் கிரெம்லின் கிராபிக்ஸ் செய்த இந்தக் கேம் 1992 சீசனை அப்படியே எடுத்துக்கொண்டது. பதினாறு தடங்கள், முதல் ரேஸ் தென்னாப்பிரிக்கா. டிவி கேமை ஆன் செய்தால் முதலில் வருவது நம் நாடு! அந்த வயதில் அது சின்ன விஷயமா? ஜூலு மொழியில் கயலாமி என்றால் 'என் வீடு' என்று பொருள். பள்ளியில் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நிஜத்தில் அந்த ரேஸ் நடந்தது 1992 மார்ச் 1 அன்று. 72 சுற்று, மான்செல் முதலிடத்தில் கிளம்பி, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அவருடைய வில்லியம்ஸ் அணியின் பத்ரேசே இரண்டாவது, சென்னா மூன்றாவது. அதற்கு முன் இங்கே கிராண்ட் பிரீ (ஃபார்முலா ஒன் ரேஸ்) நடந்தது 1985-ல். நிறவெறி ஆட்சியைக் கண்டித்து ரெனோ, லிஜியே அணிகள் வராமலே இருந்த ரேஸ் அது. அதிலும் வென்றவர் மான்செல்தான். பிறகு ஆறு வருடம் உலகம் நம் பக்கம் திரும்பவில்லை. 1992-ல் கார்கள் திரும்பி வந்த அதே மாதம் 17-ம் தேதி, சீர்திருத்தம் தொடரலாமா என்று வெள்ளையர் மட்டும் வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லாத வீட்டில் உட்கார்ந்து நான் கயலாமியில் மான்செலாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது பெரியவனான பிறகுதான் உறைத்தது.

கேமாகப் பார்த்தால்? நிதானமான கேம். ரேஸுக்கு முன் டயர், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை, கியர் விகிதம் எல்லாம் நீங்களே வைக்க வேண்டும். சின்ன வயதில் இந்தத் திரையைத் தாண்டிக் குதித்துவிடுவோம். இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது. நேர்சாலை அதிகம் உள்ள தடத்தில் இறக்கையைக் குறைத்துப் பாருங்கள், முன்னால் போகிறவன் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருவான். வளைவில் பட்டனை அழுத்திப் பிடித்தால் போச்சு. விட்டுவிட்டுத் தட்ட வேண்டும், தோசைக்கல்லில் எண்ணெய் தெளிப்பது மாதிரி.

இதில் எனக்குப் பிடித்தது மான்செலோடு பயிற்சி செய்யும் பகுதி. நீங்கள் ஓட்ட ஓட்ட, மூலையில் மீசையோடு அவர் முகம் வந்து அடுத்த வளைவுக்கு யோசனை சொல்கிறது. கேட்டால் நேரம் குறைகிறது. கேட்காவிட்டால் அந்த முகம் கோபித்துக்கொள்வதும் இல்லை, இன்னும் கொஞ்சம் கோபித்திருக்கலாம். ஆனால் ரேஸ் சீசனுக்குள் போனதும் அவர் காணாமல் போய்விடுகிறார். நீங்களே அவர் ஆகிவிட்டதால் வெல்ல வேண்டிய ஆள் என்று ஒருவர் இல்லை. அந்த வருடத்தின் சிறந்த கார் உங்களிடம் இருக்கிறது. மற்றவர்கள் தடையாக வருகிறார்கள், பகையாக வருவதில்லை. நாலைந்து ரேஸுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் சலிக்கும். முப்பது வருடமாக இதைத் தம்பியிடம் ஒப்புக்கொண்டதே இல்லை.

இன்னொரு வேடிக்கை. சூப்பர் நின்டெண்டோ பதிப்பு 1993-ல் கடைக்கு வந்தபோது மான்செல் ஃபார்முலா ஒன்றிலேயே இல்லை. பட்டம் வென்ற கையோடு அமெரிக்காவுக்குப் போய், அங்கே இண்டிகார் பந்தயப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். பெட்டியில் இருந்தவர் பழைய சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி சென்னா. சூப்பர் மொனாக்கோ ஜிபி (கிராண்ட் பிரீ) இரண்டாம் பாகம், சேகா, 1992. இது 1991 சீசனை வைத்துச் செய்தது. அதனால் கயலாமி கிடையாது. ஆனால் அமெரிக்காவின் பீனிக்ஸ் உண்டு. "உன் கேம்ல நாடுதான் இருக்கு, என் கேம்ல என் தெருவே இருக்கு" என்று தம்பி சொல்வான். அரிசோனாவுக்கும் நம் பீனிக்ஸுக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதல் திரையிலிருந்தே வேகம் முகத்தில் அடிக்கிறது. மேலே அகலமாகப் பின்பக்கக் கண்ணாடி. அதில் யாராவது சின்னதாகத் தெரிந்தால் வயிற்றில் புளி கரைக்கும். தானியங்கி கியரில் ஓட்டினால் கேம் பாதிதான். ஏழு கியரையும் கையால் போட்டுப் பாருங்கள், இடது கட்டைவிரலில் திருப்பம், வலது கட்டைவிரலில் பிரேக், நாலாவது சுற்றில் விரல் வழுக்கும். அன்று தம்பி கன்ட்ரோலரைச் சட்டையில் துடைத்துத் துடைத்து ஓட்டினான். ஐம்பதை நெருங்குகிற ஆள்.

சென்னா இதில் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் அவருடைய குறிப்பு வருகிறது. சென்னா ஜிபி என்று தனிப் பகுதியே இருக்கிறது. அதில் மூன்று தடம், ஒன்று பிரேசிலில் அவருடைய பண்ணையில் இருந்த கார்ட் (சின்னப் பந்தய வண்டி) தடத்தைப் பார்த்துச் செய்தது. உலக சாம்பியன் வீட்டுக் கொல்லையில் போய் ஓட்டுகிறோம்! மான்செல் முகத்தின் அறிவுரையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதையெல்லாம் தாண்டி, கேமின் உயிர் போட்டியாளர் ஏற்பாட்டில் இருக்கிறது. நீங்கள் யாருமில்லாத ஒருவர். ஒருவரைப் போட்டியாளராகத் தேர்ந்தெடுத்து அவரை முந்தினால் அவருடைய அணியிலிருந்து அழைப்பு வரும். தோற்றால் உங்கள் இருக்கை பறிபோகலாம். மற்ற ஓட்டுநர்கள் எல்லோருக்கும் கற்பனைப் பெயர்கள், சென்னாவுக்கு மட்டும் சொந்தப் பெயர். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் நிஜம் என்பதுபோல ஆகிவிடுகிறது. வாராவாரம் ஏணியில் ஏறி ஏறி, கடைசியில் பெட்டியின் மேலே இருக்கும் அந்த முகத்தையே முந்த வேண்டும். சாம்பியனை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா ரேஸில் அவர் இறந்துபோனார், வயது 34. அதற்குப் பிறகு சில மாதம் அந்த கேட்ரிட்ஜைப் போடவில்லை என்று தம்பி அன்றுதான் சொன்னான். "போட்டாலும் அவரை முந்தக் கூச்சமா இருந்துச்சு அண்ணா." வழக்கில் இதை அவன் இதுவரை சாட்சியாகக் கொண்டுவந்ததில்லை.

இரண்டையும் மொனாக்கோவில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம், காரணம் இருந்தது. 1992-ல் முதல் ஐந்து ரேஸையும் மான்செல் வரிசையாக வென்றிருந்தார். ஆறாவது மொனாக்கோ. அங்கும் முன்னால்தான் இருந்தார். முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கையில் சக்கரத்தில் கோளாறு என்று பிட்டுக்கு (டயர் மாற்றும் இடத்துக்கு) வர, சென்னா முன்னே போய்விட்டார். புது டயரோடு மான்செல் கடைசிச் சுற்றுகளில் இடமும் வலமும் பாய்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் சென்னாவின் காரைவிட அகலமான கார் கிடையாது. கால் நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் சென்னா வென்றார். ஆக, இரண்டு பெட்டிகளும் ஏற்கெனவே ஒருமுறை மோதியிருக்கின்றன.

எங்கள் மோதலில்? மான்செல் கேமின் மொனாக்கோ ஒழுங்காக, சொன்னபடி கேட்கிறது. சென்னா கேமில் சுவர்கள் உங்கள்மேல் வந்து விழுகின்றன. நான் மூன்று முறை மோதினேன், மூன்று முறையும் உடனே மறுபடி போடு என்றுதான் கேட்டேன். என் சொந்த கேட்ரிட்ஜில் அப்படி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்ததை மட்டும் பார்த்தேன்.

மெக்ரேயை இவற்றோடு தராசில் வைப்பது கொஞ்சம் அநியாயம். 1998-ல் கோட்மாஸ்டர்ஸ் செய்தது, ஐந்தாறு வருடம் இளையது, முப்பரிமாணம், வேறு தலைமுறை. விளையாட்டும் வேறு: பெரும்பாலும் பக்கத்தில் போட்டிக் கார் இல்லை, கடிகாரம்தான் எதிரி. மெக்ரே 1995-ல் 27 வயதில் உலக ராலிப் பட்டம் வென்றவர். அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் வென்றதில்லை. கேமில் ராலிப் பள்ளி இருக்கிறது, அவர் குரலிலேயே பாடம். பிரேக் எங்கே, கைப்பிரேக் எங்கே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். மூன்று சாம்பியன்களில் உண்மையாகக் கற்றுக்கொடுப்பவர் இவர்தான். பந்தயத்தில் உங்கள் காதில் விழுவது அவருடைய துணை ஓட்டுநர் நிக்கி கிரிஸ்டின் குரல். வளைவு வரும் முன்பே எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று சொல்லிவிடுவார். 1995-ல் மெக்ரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர் இல்லை, டெரெக் ரிங்கர். கிரிஸ்ட் பிறகு வந்தவர்.

மகள் அதைப் பிரமாதமாக ஓட்டினாள். டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து மண்ரோட்டில் மழைக்குப் பிறகு பேக்கி (பிக்கப் வண்டி) ஓட்டியவர்களுக்கு இந்தக் கேம் உடனே கைவரும்: முன்சக்கரம் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். எனக்கு வரவில்லை. மரத்தில் மோதிக் கண்ணாடி உடைந்து கிடந்தபோது, "பெரியப்பா, அவர் ரைட்டுன்னு சொன்னாரே" என்றாள். தமிழில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்று சமாளித்தேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் நாட்டில் விற்றது ஐரோப்பாவில் விற்றது போன்ற, நொடிக்கு 50 படம் காட்டும் வகைப் பெட்டிகள். அமெரிக்கா, ஜப்பானில் 60. அங்கே எழுதி, திருத்தாமல் இங்கே அனுப்பிய கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அமெரிக்க சூப்பர் நின்டெண்டோ கேட்ரிட்ஜ் நம் பெட்டியில் நுழையவே நுழையாது, வடிவமே வேறு. வலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, வீட்டில் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

எது நல்லது என்று கேட்டால்: ஒரே ஒரு கேம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் சென்னா. பிள்ளைகளோடு விளையாட மெக்ரே. மான்செல் கயலாமிக்காக, அதற்கு மேல் அதைத் தூக்கிப்பிடிக்க இனி என்னால் முடியாது. நம்முடைய சொந்த சாம்பியன் ஜோடி ஷெக்டர் 1979-ல் பட்டம் வாங்கி அடுத்த வருடமே ஓய்வு பெற்றுவிட்டார். இந்தப் பெட்டிகள் வரும் வரை ஓட்டியிருந்தால் வழக்கே வந்திருக்காது.

கிளம்பும்போது தம்பி மெகா டிரைவை என் வீட்டிலேயே விட்டுவிட்டு, என் சூப்பர் நின்டெண்டோவை அதே டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து செய்தி: "அண்ணா, கயலாமியில எட்டாவது. கியர் என்ன வெச்சே?"