நாக்ஸ் குறைக்க: பாய்லரை டியூன் செய்வதா, அம்மோனியா அடிப்பதா?

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் முதலில் வந்த நான்கு 210 மெகாவாட் அலகுகளும் 2003-க்கு முந்தையவை. அதனால் நைட்ரஜன் ஆக்சைடுக்கு, அதாவது நாக்ஸுக்கு, ஒரு கன மீட்டருக்கு 600 மில்லிகிராம் வரை அவற்றுக்கு அனுமதி. அதே வளாகத்தில் 2013-ல் வந்த 600 மெகாவாட் அலகுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2015 அறிவிக்கை 300 என்றது, 2020-ல் அதை 450 ஆகத் தளர்த்தினார்கள். 2017 முதல் வரும் அலகுகளுக்கு 100. எந்த வழி சரி என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த எண்தான்.

செலவு குறைந்தது டியூனிங், அதாவது எரிப்புக்குப் போகும் காற்றையும் நிலக்கரித் தூளையும் சரியாக அமைப்பது. காற்றைக் குறைத்தால் நாக்ஸ் இறங்கும், புகைபோக்கி வழியே போகும் வெப்பமும் மிச்சம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சாம்பலில் எரியாத கார்பனும் ஏறிவிடும், அப்புறம் அந்தச் சாம்பலை சிமென்ட் ஆலைக்காரர் வேண்டாம் என்பார். ஏனெனில் ஐஎஸ் 3812 தரப்படி எரிப்பு இழப்பு, அதாவது சாம்பலை மறுபடி சூடாக்கினால் எரிந்து குறையும் எடை, 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

புகையின் வெப்பத்தில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் எக்கனாமைசருக்குப் பிறகு இருக்கும் ஆக்சிஜன் மீட்டர் 3.5 சதவீதம் காட்டுகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்போம், ஆனால் வழியில் எங்கோ ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தால், நிலக்கரி எரியும் ஃபர்னஸுக்குள் அவ்வளவு ஆக்சிஜனே இருக்காது. இது தெரியாமல் இன்னும் காற்றைக் குறைப்பது தற்கொலை. அதோடு நான்கு மூலையிலும் பர்னர் உள்ள பாய்லரில் நிலக்கரியைத் தூளாக்கும் ஆறு மில், 24 நிலக்கரிக் குழாய் என்றால், ஒரு மூலைக்கு மட்டும் தூள் அதிகம் போனாலே மொத்தக் காற்றைக் குறைக்க முடியாது; அந்த மூலைதான் புகையும். எனவே முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், அப்புறம் குழாய்களைச் சமன் செய்து, 200 மெஷ் என்ற நுண்ணிய சல்லடையில் தூளில் 70 சதவீதமாவது இறங்கும் அளவுக்கு மில்லைச் சரிசெய்ய வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு டியூனிங்குக்குக் கம்ப்யூட்டர் மென்பொருள் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அடுத்தது குறை-நாக்ஸ் பர்னரும் மேலே தனியாகக் காற்று விடும் ஓவர்ஃபயர் காற்றும். நிலக்கரியிலுள்ள நைட்ரஜன் காற்றுக் குறைவான இடத்திலேயே வெளிப்பட்டு, வெறும் நைட்ரஜனாக மாறிவிடுகிறது. நல்ல பலன் தரும். ஆனால் எரிப்பு மேலே தள்ளிப்போவதால் டர்பைனிலிருந்து திரும்பும் நீராவியை மறுபடி சூடாக்கும் ரீஹீட்டருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டி வந்தால், செயல்திறனில் கை வைத்த மாதிரிதான். இவற்றைப் பொருத்த அலகை நிறுத்தும் ஷட்டவுனும் வேண்டும்.

அம்மோனியா வழியில் இரண்டு உண்டு. வினையூக்கி இல்லாத எஸ்என்சிஆர் என்பது ஃபர்னஸின் மேல்பகுதியில் சுமார் 850 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் இடத்தில், அம்மோனியா தரும் யூரியாவைத் தெளிப்பது. பகலில் சூரிய மின்சாரம் ஏறும்போது லோடைக் குறைத்தால் அந்த வெப்ப இடமே நகர்ந்துவிடும். அம்மோனியா கலந்த புகையை வினையூக்கி வழியே விடும் எஸ்சிஆர் 80 சதவீதத்துக்கு மேலும் குறைக்கும். ஆனால் நம் நிலக்கரியில் சாம்பல் 35-45 சதவீதம், அது வினையூக்கியை அரித்துத் தின்னும். புகையை இழுத்து வெளியேற்றும் ஐடி ஃபேனுக்கும் சுமை கூடும், லோடு குறைந்தால் மிஞ்சும் அம்மோனியா கந்தகத்தோடு சேர்ந்து, எரிப்புக் காற்றைச் சூடாக்கும் ஏர் ஹீட்டரை அடைக்கும்.

சரி, எனக்கு எது? 600, 450 வரம்புகளுக்கு டியூனிங், பற்றாவிட்டால் மட்டும் ஓவர்ஃபயர் காற்று. 100 என்றால் எஸ்சிஆரைத் தவிர்ப்பது கஷ்டம், ஆனால் அங்கேயும் டியூனிங்தான் முதலில்; உள்ளே வரும் நாக்ஸ் பாதியானால் அம்மோனியாச் செலவும் ஏறக்குறையப் பாதி.