பழைய ஷட்டர் டிவி வாங்கப் போகிறீர்களா? பின்னால் ஏவி சாக்கெட் வைத்திருந்தால் தொடாதீர்கள்

ஊட்டியில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், சென்ற மே மாதம் சீசன் நேரத்தில், ஒரு டயனோரா ஷட்டர் டிவி (திரையை மூட மரக் கதவு வைத்த பழைய டிவி) வாங்கினேன். இருபது இஞ்ச் கறுப்பு வெள்ளை. நாலு கால் வைத்த மரப்பெட்டி. 22,000 ரூபாய் கொடுத்தேன். அதில் 9,000 ரூபாய் 'ஃபுல் சர்வீஸ்' என்று துண்டுச்சீட்டில் எழுதியிருந்தது. பணம் போனதுகூடப் பெரிதில்லை, அந்த டிவியால் என் அக்கா மகளுக்கு ஷாக் அடித்தது. அதனால்தான் இந்தப் பதிவு. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

நாங்கள் கடைக்குள் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் பளிச்சென்று இருந்தது. பெட்டிக்கு வார்னிஷ் அடித்துப் புதிதாக்கியிருந்தார்கள். "பிக்சர் ட்யூப் ஒரிஜினல் சார், கண்டென்சர் எல்லாம் மாத்தியாச்சு. செட் டாப் பாக்ஸ் போடறதுக்கு ஏவி பாயின்ட்டும் வெச்சுக் குடுத்திருக்கோம்" என்றார் கடைக்காரர். அந்த ஏவி பாயின்ட், அதாவது வெளியிலிருந்து படமும் ஒலியும் கொடுக்கும் சாக்கெட், அதுதான் வினை.

கோத்தகிரிக்குக் கொண்டுவந்து கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. பிறகு படம் மங்கத் தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகங்கள் ஈயம் பூசினமாதிரி வெளுத்தன. எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். அந்த மழையும் மூடுபனியும் வந்ததும் பெட்டிக்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்ற சத்தம், கூடவே ஒரு காரமான வாடை. ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது டிவி பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகினோம். அக்கா மகள் செட் டாப் பாக்ஸின் பின்னால் டிஷ் கேபிளைத் தொட்டாள். அலறிக்கொண்டு கையை இழுத்தாள். மரத்தரையில், செருப்புக் காலோடு நின்றிருந்ததால் பிழைத்தாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

குன்னூரில் வால்வ் செட் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வைத்த செட்) காலத்திலிருந்தே வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் டிவியைக் கொண்டுபோனேன். பின் மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் கையில் எடுத்தது டெஸ்டரைத்தான். உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸில் வைத்தார், எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகி மறுபடி வைத்தார், எரியவில்லை. "தம்பி, இந்த மாதிரி செட்டுல மெயின்ஸ் ஒரு பக்கம் நேரா சேஸிஸுக்கே வரும். அதுலயே ஏவி சாக்கெட்டை வெச்சிருக்கான் பாருங்க" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த அந்தக் காலத்து செட்கள் பலவற்றில் பெரிய மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட் கரண்டின் ஒரு கம்பி நேராக உலோகச் சட்டத்துக்கே போகும். ரெண்டு பின் பிளக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தச் சட்டம் நியூட்ரலாகவும் இருக்கும், ஃபேஸாகவும் இருக்கும். தயாரித்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வெளியில் நம் கை படும் இடமெல்லாம் மரமும் பிளாஸ்டிக்குமாக இருந்தது. ஆன்டெனா பாயின்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மெயின்ஸ் கரண்டை மறிக்கும் தடுப்புக் கண்டென்சர் வைத்தார்கள். கடைக்காரர் அந்தப் பாதுகாப்பைத் தாண்டி, சட்டத்திலிருந்தே ஒயர் இழுத்து, வெளியே உலோக சாக்கெட் வைத்துவிட்டார். அதன் வழியாக செட் டாப் பாக்ஸ், டிஷ் கேபிள், கூரைமேல் இருந்த டிஷ் வரைக்கும் கரண்ட் போயிருக்கிறது. மழையில் நான் அந்த டிஷ்ஷைத் திருப்பி வைக்க ஏணியில் ஏறியிருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. ட்யூபின் கழுத்துப் பக்கம் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை டேப் சுற்றி ஒளித்திருந்தார்கள். ட்யூபுக்குள் சூடாகும் இழையான ஹீட்டருக்கு வேண்டியது 6.3 வோல்ட், இது அதற்கு மேலே கொடுத்தது. செத்துக்கொண்டிருக்கும் ட்யூபை இப்படித் தூண்டினால் சில காலம் பளிச்சென்று எரியும், பிறகு முன்பைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். 'எல்லாம் மாத்தியாச்சு' என்ற கண்டென்சரில் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று, மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் பெரியது. மற்ற பற்றவைப்பெல்லாம் மங்கி, தூசி படிந்து, பழசாகவே கிடந்தன. காற்று போக ஓட்டை ஓட்டையாக இருக்க வேண்டிய பின் அட்டையைத் தூக்கிவிட்டு ஓட்டையில்லாத பிளைவுட் அடித்திருந்தார்கள். இந்த வால்வ்கள் கக்கும் சூட்டுக்கு அது தீப்பிடிக்கும் வேலை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பழைய டிவின்னா லேசா ஷாக் அடிக்கத்தான் சார் செய்யும்" என்றார். குழந்தை என்று சொன்னபிறகும் அதையே சொன்னார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. துண்டுச்சீட்டில் 'ஃபுல் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது இப்போது கைகொடுக்கிறது. எந்தப் பொருளானாலும் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

இந்த டிவிகள்மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்த பிறகு டயனோரா, சாலிடேர் எல்லாம் சென்னையிலேயே செய்து வந்த செட்கள். மிஞ்சியிருப்பதையும் இப்படிக் குதறி விற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், டிவியை அணைத்து ஆறவிடச் சொல்லி, சில மணி நேரம் கழித்துப் போய்ப் போடச் சொல்லிப் பாருங்கள். தேய்ந்த ட்யூப் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். பின் மூடியை அவர்களையே கழற்றச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள். உள்ளே 15,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் ட்யூபில் அது தங்கியிருக்கும். செட் டாப் பாக்ஸ் இணைக்க வேண்டுமானால் ஆர்எஃப் மாடுலேட்டர் (ஏவி சிக்னலை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கி ஆன்டெனா பாயின்ட் வழியாகக் கொடுங்கள். அதற்கு முன் அந்தத் தடுப்புக் கண்டென்சர்களைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். ஏவி வேண்டும் என்றால் முழு செட்டுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸ் கம்பியோடு நேரடித் தொடர்பில்லாமல் கரண்ட் கொடுப்பது) போட்டே ஆக வேண்டும்.

ஏற்கெனவே இப்படி ஏவி சாக்கெட் வைத்த வால்வ் டிவி வீட்டில் இருக்கிறது என்றால், இப்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டு வால்வ் செட் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை செட் டாப் பாக்ஸையும் அதோடு இணைக்க வேண்டாம்.