மான் வேட்டைக்கு எந்த காலிபர்? .30-30 முதல் 6.5 கிரீட்மூர் வரை

முதல் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எது அதிக சக்தி?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வெண்வால் மானைப் பொறுத்தவரை அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. நீங்கள் உட்காரப் போகும் இடத்தில் மான் எத்தனை கெஜத்தில் கண்ணில் படும்? அந்தத் துப்பாக்கியின் உதையைத் தோளில் வாங்கிக்கொண்டு உங்களால் ஆடாமல் சுட முடியுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

இந்த அலசல் முழுக்க அமெரிக்க வேட்டையைப் பற்றியது. உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாவற்றையும் மாநில அரசே வகுத்திருக்கும் ஊர் அது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இதற்கு இடமே இல்லை.

முதலில் மானைப் பார்ப்போம். விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் நன்கு வளர்ந்த ஆண் மான் 200 பவுண்டைத் தாண்டலாம். டெக்சாஸ் மலைப்பகுதி மான் அதில் பாதிதான் இருக்கும். எந்த ஊர் மானானாலும் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். விரியும் குண்டு அங்கே பட்டால், கீழே நான் பேசப்போகும் எந்த காலிபரிலும் (குழலின் துளை விட்டம்; அதைக்கொண்டே தோட்டாக்களையும் அழைப்பார்கள்) மான் சில நொடிகளில் விழுந்துவிடும். இதயத்தில் பட்ட மானும் 50, 60 கெஜம் ஓடி விழுவது சகஜம். அதே குண்டு குடலில் பட்டால் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். காலிபரை ஒரு படி ஏற்றி இந்தப் பிழையைச் சரிக்கட்ட முடியாது. என் தேர்வுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) எடையுள்ள விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்ட் ஆற்றல் வேண்டும். வர்ஜீனியா .23-க்குக் கீழே விடுவதில்லை. விஸ்கான்சினில் .22 சென்டர்ஃபயரே (அடியின் நடுவில் பற்றவைக்கும் தோட்டா) சட்டப்படி போதும். இங்கிலாந்து பெரும்பாலான மான் வகைகளுக்கு .240 காலிபரும், குழல்வாயில் 1700 அடி-பவுண்டும் கேட்கிறது. சட்டம் விட்டாலும் அந்த .22 வகையைச் சேர்ந்த .223-ஐ மானுக்கு எடுத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். கைதேர்ந்தவர்கள் அதைக்கொண்டு சுத்தமாக வீழ்த்துகிறார்கள், உண்மைதான். ஆனால் மான் கொஞ்சம் சாய்வாக நின்று, குண்டு தோள்பட்டை எலும்பில் இடித்தால் மிச்சம் இருக்கும் பலம் ரொம்பக் குறைவு.

அடர்ந்த காட்டுக்கு: .30-30-யா, .350 லெஜண்டா?

.30-30 வின்செஸ்டர் 1895-இல் வந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த மாடல் 1894 லீவர் ரைஃபிளுக்கான (நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள்) தோட்டா. 170 கிரெயின் குண்டு, விநாடிக்குச் சுமார் 2200 அடி வேகம். இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முனை கூரான குண்டு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடியில் உள்ள பற்றவைக்கும் பகுதி) குத்தி வெடிக்க வைத்துவிடலாம் என்பதால் தட்டை முனைதான் போட்டார்கள். தட்டை முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 100 கெஜத்தில் குறி சரிபார்த்தால் 200 கெஜத்தில் ஒரு சாண் கீழே இறங்கிவிடும். தோட்டா நிறுவனமான ஹார்னடி பிற்பாடு மென்மையான பாலிமர் முனை வைத்து இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. இருந்தாலும் இது 150 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய தோட்டாதான். பென்சில்வேனியா, வடக்கு மிச்சிகன் காடுகளில் மான் 60, 70 கெஜத்தில்தான் மரங்களுக்கு நடுவே தெரியும். அங்கே லேசான, மெலிந்த லீவர் ரைஃபிளைக் கையில் தூக்கி நடப்பதில் உள்ள சௌகரியம் வேறு எதிலும் கிடையாது.

.350 லெஜண்ட் 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. இது சட்டத்துக்காகவே பிறந்த தோட்டா என்று சொன்னால் தப்பில்லை. ஓஹையோ, அயோவா போன்ற தட்டையான, வீடுகள் நெருங்கிய மாநிலங்களில் வெகுகாலம் மானுக்கு ஷாட்கன் மட்டும்தான். ரைஃபிள் குண்டு குறி தவறினால் ரொம்ப தூரம் போகும் என்ற பயம். அப்புறம் உறை (வெடிமருந்து இருக்கும் கூடு) நேராக இருக்கும் தோட்டாக்களை மட்டும் அனுமதித்தார்கள். ஓஹையோவில் அது 2014-இல் நடந்தது. கழுத்து குறுகிய உறை இல்லாததால் வேகமும் எட்டும் தூரமும் மட்டாகவே இருக்கும். .350 லெஜண்டின் 150 கிரெயின் குண்டு சுமார் 2325 அடி வேகத்தில் போகும், உதையோ மிகக் குறைவு. 12 கேஜ் ஷாட்கனில் ஸ்லக் (கனமான ஒற்றைக் குண்டு) சுட்டு தோள் வலித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. நீங்கள் அந்த மாநிலங்களில் வேட்டையாடினால் யோசிக்காமல் இதை வாங்கலாம். எந்த காலிபரும் அனுமதிக்கப்பட்ட மாநிலத்தில் இருந்தால் இதை வாங்கக் காரணமே இல்லை. அங்கே .30-30, இல்லையென்றால் அடுத்து வரும் வரிசை.

.308 குடும்பமும் கிரீட்மூரும்

1952-இல் வின்செஸ்டர் .308-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அதன் ராணுவ வடிவம் நேட்டோவின் 7.62 தோட்டாவானது. இந்த உறையின் கழுத்தைச் சுருக்கிச் சுருக்கி வேறு தோட்டாக்களும் பிறந்தன: 1955-இல் .243, 1980-இல் 7 மிமீ-08. மான் வேட்டைக்காரருக்குத் தேவையான எல்லாமே ஏறக்குறைய இந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

.243-ஐ சிறுவர்களுக்கான தோட்டா என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 100 கிரெயின் குண்டு 2960 அடி வேகம், எட்டு பவுண்ட் ரைஃபிளில் உதை சுமார் 9 அடி-பவுண்ட். .30-06-இல் இதில் இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிவிடுவார். குண்டு அங்கேயே தவறிவிடும். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் .243 அந்தப் பயத்தைக் கிளப்புவதே இல்லை. அதன் குறை வேறு. குண்டு சிறியது. வேகமாக விரியும் மெலிந்த குண்டைப் போட்டால் தோள்பட்டையில் உடைந்து உள்ளே போகாமல் நின்றுவிடலாம். இதற்கு செம்புக் குண்டு நல்ல மருந்து. 80, 85 கிரெயின் முழுச்செம்புக் குண்டு எடை இழக்காமல் மறுபுறம் வெளியேறும்.

அடுத்து எல்லோரும் சண்டை போடும் ஜோடி: .308-உம் 6.5 கிரீட்மூரும். கிரீட்மூர் 2007-இல் ஹார்னடியிலிருந்து வந்தது. பிறந்தது தூரக் குறிப் போட்டிகளுக்காக. 140 கிரெயினுக்குப் பக்கத்தில் நீண்டு மெலிந்த குண்டு, 2700 அடி வேகம். .308 அதே தரத்தில் 150 கிரெயினை 2820 அடியில் தள்ளும். குழல்வாயில் .308-க்கு ஆற்றல் அதிகம். ஆனால் தடித்துக் குட்டையான குண்டு காற்றில் வேகத்தை இழக்க, மெலிந்தது தக்கவைத்துக்கொள்கிறது. 300 கெஜம் தாண்டினால் கிரீட்மூர் முந்திவிடும். பக்கக் காற்றில் விலகுவதும் அதற்குக் குறைவு. உதை .308-இல் ஏறத்தாழ 16 அடி-பவுண்ட், கிரீட்மூரில் 12.

"6.5 மானுக்குப் போதாது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் நூறு வருஷத்துக்கு மேலாக 6.5×55 தோட்டாவால் மூஸ் வேட்டையாடுகிறார்கள். மூஸ் வெண்வால் மானைப்போல நாலைந்து மடங்கு எடை. கிரீட்மூர் குண்டின் விட்டம் 6.7 மிமீ, .308-இன் விட்டம் 7.8 மிமீ. இந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் மானுக்கு எந்த வித்தியாசமும் தெரியப் போவதில்லை.

அப்படியானால் கிரீட்மூர்தான் ஜெயித்ததா? 300 கெஜம் தாண்டிச் சுட வாய்ப்பிருக்கும் வயோமிங், மொன்டானா சமவெளியில் ஆம். கிழக்கு மாநிலக் காட்டில் மரத்தில் கட்டிய ட்ரீ ஸ்டாண்டில் உட்கார்ந்து 80 கெஜத்தில் சுடுபவருக்கு அதன் காற்றுத்திறன் ஒரு பயனும் தராது. குறைந்த உதை மட்டும்தான் லாபம். அந்த லாபம் சின்னதல்ல, அதனால் புதியவருக்கு நான் கிரீட்மூரைத்தான் கைகாட்டுவேன். .308-க்குள்ள பலம் அதன் பரவல். எந்தச் சிற்றூர்க் கடையிலும் இருக்கும், குண்டு வகைகளுக்குக் கணக்கே இல்லை. பிற்பாடு கரடி, எல்க் (பெரிய மான் வகை) என்று ஆசை வந்தாலும் 165, 180 கிரெயின் போட்டுக்கொள்ளலாம்.

7 மிமீ-08 இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: 140 கிரெயின், சுமார் 2800 அடி, உதை .308-ஐவிடக் குறைவு. மானுக்கென்றே அளந்து தைத்த மாதிரி ஒரு தோட்டா. காகிதத்தில் மட்டும் பார்த்தால் என் முதல் தேர்வு இதுதான். கடை அலமாரியில்தான் அது தோற்கிறது. 2020-க்குப் பிறகு தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது ஆலைகள் அதிகம் விற்கும் 9 மிமீ, .223 மாதிரியானவற்றை முதலில் ஓட்டின. வேட்டைத் தோட்டாக்கள் பல மாதம் கண்ணிலேயே படவில்லை. சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தெரிந்தவர், அல்லது பருவத்துக்கு வெகு முன்பே வாங்கி வைப்பவர் தாராளமாக 7 மிமீ-08-க்குப் போகலாம்.

பெரியவர்கள்: .270, .30-06

.30-06 என்பது 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற தோட்டா. இரண்டு உலகப் போர்களிலும் போனது. அதன் கழுத்தைச் சுருக்கி வின்செஸ்டர் 1925-இல் .270-ஐக் கொண்டுவந்தது. 130 கிரெயின் குண்டு 3060 அடி வேகம். 200 கெஜத்தில் குறி வைத்தால் 300-இல் ஆறேழு அங்குலம்தான் கீழே இறங்கும். மேற்கின் திறந்தவெளி மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் (மான் போன்ற சமவெளி விலங்கு) இன்றும் கச்சிதம். ஜாக் ஓ'கானர் வேட்டை இதழ்களில் பல பத்தாண்டுகள் இதைப் புகழ்ந்து எழுதியது சும்மா இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் மானின் தோளில் அந்த வேகத்தில் பட்டால் சுற்றியுள்ள கறி ரத்தம் கட்டிப் போகும். கறிக்காக வேட்டையாடுபவர் தோளுக்குச் சற்றுப் பின்னால், விலாவில் குறிவைப்பது உத்தமம்.

.30-06 எதையும் வீழ்த்தும். 125 கிரெயினிலிருந்து 220 கிரெயின் வரை குண்டு கிடைக்கும். மானுக்கு மட்டும் என்றால் தேவைக்கு மிஞ்சியது. தோளுக்கு 20 அடி-பவுண்ட் உதை. அனுபவசாலிகள் கவலைப்பட வேண்டியதில்லை. புதியவர் மானுக்காகவே புதிதாக வாங்க இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

குண்டு எதனால் ஆனது?

காலிபரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்கள் குண்டைப் பற்றி ஒரு நிமிஷம் பேசுவதில்லை. ஈயக் குண்டு மானுக்குள் சிதறும்போது பொடித்துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் கறியில் கலக்கும். 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த அரைத்த மான் கறியில் ஈயம் இருக்கிறது என்று சுகாதாரத் துறை அதை ஒதுக்கச் சொன்னது. காண்டர் கழுகுகள் மிச்சங்களைத் தின்று ஈயத்தால் சாவதைத் தடுக்க கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்துவிட்டது. குழந்தைகளுக்கு மான் கறி சமைக்கும் வீட்டில் செம்புக் குண்டைத்தான் நான் சொல்வேன். விலை கூடுதல். விரிவதற்கு வேகம் தேவை. விநாடிக்கு 2000 அடிக்குக் கீழே வந்தால் சில குண்டுகள் சரியாக விரிவதில்லை. அதனால் செம்பு வாங்கும்போது வழக்கத்தைவிட ஒரு படி லேசான எடையை எடுக்க வேண்டும்: .308-இல் 150-க்குப் பதில் 130, கிரீட்மூரில் 140-க்குப் பதில் 120.

வீட்டில் மாமனாரோ நண்பரோ கொடுத்த .30-06 ஏற்கெனவே இருந்தால் புது ரைஃபிளுக்குப் பணம் செலவிட வேண்டாம். உதை குறைத்த 125 கிரெயின் தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. 150 கெஜத்துக்குள் மானுக்குத் தாராளம். மிச்சப்பட்ட பணத்தில் நாலைந்து பெட்டி தோட்டா வாங்கி, பருவத்துக்கு முன் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய், மேசையில் சாய்த்து வைக்காமல் வேட்டையில் உட்காரும் அதே நிலையில் சுட்டுப் பழகுங்கள்.