ரிலே போன்: பல வருடம் பேசியபின் ஒரு நண்பருக்குப் பதில்

காது மந்தமாகிக்கொண்டு வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "இப்பதான் பேசறதெல்லாம் போன்லயே தானா எழுத்தா, கேப்ஷனா வருதே, இன்னும் எதுக்கு ரிலே?" ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை.

காது கேட்காததால், அமெரிக்காவில் ரிலே சேவைக்கான 711 எண்ணை அழுத்திப் பேசுகிறவன் நான். வாய்ப்பேச்சு என்னுடையது, எதிர்முனையில் சொல்வதை நடுவில் இருக்கும் ரிலே ஆபரேட்டர் கேட்டுத் தட்டித் தர, திரையில் படித்துக்கொள்வேன். (ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான். அக்காவிடம் தமிழில் பேச இது உதவாது, அதற்கு வாட்ஸாப்தான்.)

இதில் எனக்கு மிகப் பிடித்தது, ஆபரேட்டர் பேச்சோடு நிறுத்திக்கொள்ளாததுதான். நாய் குரைத்தால் அதுவும் அடைப்புக்குறிக்குள் வரும். குரலில் சலிப்பு இருந்தால் அதுவும் வரும். ஒரு மருத்துவமனைக்குப் பேசியபோது, வரவேற்பில் இருந்த பெண் "அடுத்த மாதம்தான் தேதி" என்றார். அடுத்த வரி இப்படி வந்தது: (பக்கத்தில் இருப்பவரிடம்: பாவம், நாளைக்கு ஏதாவது காலியா இருக்கா பாரேன்). காது கேட்கிறவர்களுக்கு இப்படி ஓரமாக விழும் பேச்செல்லாம் சும்மாவே கிடைக்கிறது. எனக்கு அன்றைக்குக் கிடைத்தது, ஒருவர் உட்கார்ந்து அதைத் தட்டியதால். எந்தத் தானியங்கிக் கேப்ஷனும் எனக்கு இதைத் தந்ததில்லை.

எரிச்சல் என் வங்கியால். "லைன்ல மூணாவது ஆள் இருக்காங்க, கணக்கு விவரம் பேச முடியாது" என்பார்கள். போன வாரம் கார்டு முடங்கிவிட்டது. அதே பதில். மேலாளரைக் கேட்டேன். திரையில் (இசை) என்று வந்தது, மறுபடி (இசை), மறுபடி (இசை). கடைசியில் (எதிர்முனை துண்டித்துவிட்டது).

அந்த மூன்றாவது ஆள் யார்? சொன்னதைச் சொன்னபடி கடத்த வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, அழைப்பு முடிந்தபின் உரையாடலை வைத்திருக்கக்கூடாது என்று விதியால் கட்டுப்பட்டவர். எனக்காக ஒரு வார்த்தை வாதாடக்கூட அவருக்கு அனுமதி கிடையாது. இந்தச் சேவைக்கு வழி செய்தது 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம். ரிலே அழைப்பை மற்ற அழைப்புகளைப் போலவே ஏற்க வேண்டும் என்று 2010-இல் திருத்திய விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வங்கியில் போனை எடுப்பவருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் அவர் துண்டிப்பதற்குள்.

நியாயமாகப் பார்த்தால் சேவையில் குறை இல்லை. ஆபரேட்டர்கள் மீது துளியும் இல்லை. தானியங்கிக் கேப்ஷன் எனக்குப் பதினைந்தையும் ஐம்பதையும் குழப்புகிறது, ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால். பெயர்களையும் கண்டபடி எழுதுகிறது. ஆனால் நடுவில் ஒருத்தர் இருக்கிறார் என்று அது யாருக்கும் அறிவிப்பதில்லை. அதனால் யாரும் போனை வைப்பதில்லை. கார்டைக் கடைசியில் அதை வைத்துத்தான் திறந்தேன், எண்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி.

ஆகவே நண்பரே, தானியங்கிக் கேப்ஷனையே போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே கசக்கிறது. வங்கிமீது அமெரிக்க அரசின் நீதித் துறைக்கு (Department of Justice) புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் வந்தபின் கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.